நாற்பத்தோரு வினாடி

கூடத்தில் தம்பி சாதாரண நிலைக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான்.
குளியலறையில் பேசினால்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.
ஆகவே மின்தூக்கி.
பதினான்காம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை
நாற்பத்தோரு வினாடி, யாரும் ஏறாவிட்டால்.
என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவு போதுமாம்.
வேலைவாய்ப்புச் சந்தையில் ஒருவர் சொன்னார்,
பேனா ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார்.

"என் பெயர் யாழரசி பொன்னையா.
கணக்கியலில் பட்டயம் பெற்று..."
பதினொன்றில் கதவு திறக்கும்.
சைக்கிளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு மிஸ்டர் கோ.
நான் தொண்டையைச் செருமி
கைப்பேசியில் எதையோ தேடுவேன்.

மறுபடி மேலே. மறுபடி கீழே.
"குழுவாகச் செயல்படுவதில் எனக்கு..."
ஒன்பதில் ஹஃப்ஸா, தள்ளுவண்டி, குழந்தை.
குழந்தை என்னை ஏற இறங்கப் பார்க்கும்.
சிரிக்காது.
மனிதவளத் துறைக்கு எடுத்துக்கொள்ளலாம் அதை.

கணக்கியலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று
கட்டாயம் கேட்பார்களாம்.
பன்னிரண்டு விருப்பங்கள் எழுதச் சொன்னார்கள்.
ஏழாவது கிடைத்தது.
அதை எழுதும்போது பசித்தது,
வேறொன்றும் நினைவில்லை.

உங்கள் பலவீனம்?
"எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது."
மனப்பாடம். பொய்.
என் பலவீனம் சத்தம்.
ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே
இந்தப் பெட்டி ஒருமுறை பல்லைக் கடிக்கிறது.
போன மாதம் இல்லை.
இறங்கும்போது மட்டும்.
ஆள் நிறைந்தால் அடங்கிவிடுகிறது,
சைக்கிள் ஏறினால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கேட்கிறது.
வாக்கியத்தை அங்கேதான் ஒவ்வொரு தடவையும் தொலைக்கிறேன்.

புதன்கிழமை. ராஃபிள்ஸ் பிளேஸ். முப்பத்திரண்டாம் மாடி.
ஜியா ஹுய்யின் கோட்டு, கை ஓர் அங்குலம் நீளம்.
அந்த மின்தூக்கிக்குச் சத்தமே இல்லை,
காது மட்டும் அடைத்தது.

மூன்று பேர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
நன்றாகத்தான் தொடங்கினேன்.
"பட்டயம் பெற்று..." என்றதும் நின்றுவிட்டேன்.
பதினோராம் மாடி.
கதவு திறக்கக் காத்திருந்தேன்.
யாரும் ஏறவில்லை.
ஒருவர் தண்ணீர்க் குவளையை அரைச்சுற்று திருப்பி வைத்தார்.

தற்குறிப்பில் இல்லாத ஒன்று சொல்லுங்களேன்,
என்றார் நடுவில் இருந்த பெண்மணி,
இரக்கப்பட்டுத்தான் இருக்கும்.
பல் கடிப்பதைச் சொன்னேன்.
இடப்பக்கத்தைச் சொன்னேன்.
கைகள் தாமாகவே எழுந்து பெட்டியை வரைந்தன,
நீளக் கை மடிப்பு அவிழ்ந்து விரலை மூடியது.
அவர் எழுதுவதை நிறுத்தினார்.
மற்றவர் மணி பார்த்தார்.

தொடர்புகொள்கிறோம்.

புக்கிட் பாத்தோக்கில் மழை விட்டிருந்தது.
கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.
வீட்டு வாசல் வரை போய்ப் பாராமல் திரும்பி
கீழே இறங்கினேன், அதைக் கேட்பதற்கென்றே.
ஏழு. ஆறு.
இருக்கிறது. இன்று சற்று நீளமாக.

கண்ணுக்கு நேரே நான்கு மொழியில் ஓர் ஒட்டுத்தாள்.
இத்தனை நாள் அதைப் பார்த்துத்தானே
கண்ணோடு கண் பேசப் பழகினேன்.
எண்ணை அழுத்தினேன்.

யார் பேசுறது?
ஒரே மூச்சில் வந்தது:
பெயர், புளோக், மாடி, ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில்.
ஏறும்போதா, இறங்கும்போதா? எத்தனை நாளாய்?
உரசலா, இடியா?
உரசல், என்றேன். இடி வர இன்னும் நாள் இருக்கு.
அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.
நீங்க இந்த வேலையில இருக்கீங்களா?

இல்லை.

சரி. ஆள் அனுப்புறோம். வேறு ஏதும் கேட்கணுமா?

கடைசிக் கேள்வி. அதற்கும் ஒரு பதில்
மடித்த தாளில் கைப்பைக்குள் கிடக்கிறது,
நிறுவனத்தின் வளர்ச்சித் திட்டங்கள் குறித்து.
இருக்கு, என்றேன்.
அந்த ஆளா வர என்ன படிக்கணும்?

கதவு திறந்தது.
சைக்கிளோடு மிஸ்டர் கோ.
நகர்ந்து இடம் விட்டேன்,
பேச்சை நிறுத்தவில்லை.